பிழைதிருத்தப் பக்கம் எங்கே போயிற்று?

‘ஆசிரியருக்கே கூட்டத் தெரியவில்லை’ என்று பொருள்படும் செய்தியொன்று, தேர்வு முடிவுகள் வெளியான சில வாரங்களில், ஆண்டுதோறும் நம் நாளிதழ்களில் தவறாமல் வந்துவிடுகிறது. விடைத்தாள் நகலை வாங்கிப் பார்த்த மாணவனுக்கு மதிப்பெண் கூடியிருக்கும்; திருத்தியவருக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை போயிருக்கும்; ‘கடும் நடவடிக்கை எடுக்கப்படும்’ என்று ஓர் அதிகாரி எச்சரித்திருப்பார். அத்தோடு செய்தி முடியும். படித்தவருக்கும் ஒரு நிறைவு. குற்றவாளி கிடைத்துவிட்டான், இனி வேறென்ன வேண்டும்?

இலக்கிய நண்பர்கள் கூடுமிடங்களிலும் இப்பேச்சு எழுவதுண்டு. ஒரு சிறுகதையின் கடைசி வாக்கியத்தை வைத்துக்கொண்டு இரவு பதினொரு மணிவரை விவாதிக்கக்கூடிய நண்பர்கள், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அரை நிமிடத்தில் தீர்ப்பு வழங்கிவிடுகிறார்கள்: “வாங்குகிற சம்பளத்துக்கு ஒழுங்காகக் கூட்டக்கூடாதா?” இந்தத் தீர்ப்பு தவறானது; தவறானது என்பதோடு, அடுத்த ஆண்டின் தவறுக்கு விதை போடுவதும் இதுவே. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

தவறு சிறியது, மன்னித்து விட்டுவிடுங்கள் என்று என் இனத்தாருக்காகக் கெஞ்ச வரவில்லை. நான் வசிக்கும் அய்யம்பாளையம், கீழ்ப்பழனி மலையின் அடிவாரத்தில், மருதாநதி அணைக்கு அருகிலுள்ள பேரூர். இங்கிருந்து சித்தரேவு வழியாக மேலேறும் சாலையில் பெரும்பாறை, தாண்டிக்குடி, பண்ணைக்காடு என்று காப்பியும் மிளகும் மலைவாழையும் விளைகிற ஊர்கள். அங்கிருந்து சமவெளிக் கல்லூரிகளுக்கு இறங்கிவரும் பிள்ளைகளில் பலர், தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியை மிதிப்பவர்கள். அப்படி வந்த ஒரு பெண்ணின் மதிப்பெண் 42 என்பது 24 என்று பதிவாகிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். அவளுக்கு அது ஓர் ‘அரியர்’ மட்டுமன்று. மறுகூட்டலுக்கு விண்ணப்பிக்கப் பணம் கட்ட வேண்டும். விண்ணப்பத்தைக் கொடுக்கவும் பின்னர் விசாரிக்கவும் மலையிறங்கி வரவேண்டும். உடன்வரும் தகப்பனாருக்குக் கூலி போகும். திருத்திய முடிவு வருவதற்குள் முதுகலைச் சேர்க்கை முடிந்திருக்கும். ‘படித்தது போதும்’ என்று சொல்லக் காத்திருக்கும் ஓர் உறவினர் எல்லா வீட்டிலும் இருப்பார். இந்த ஆண்டு அவருக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும். திருப்பூர் வண்டியில் ஏற்றிவிடுவார்கள்.

ஆகவே ‘கூட்டல் பிழை’ என்பது சிறிய சொல்லன்று. அது பெரிது என்பதனால்தான் கேட்கிறேன்: திருத்தியவருக்கு மெமோ கொடுத்ததனால் அந்தப் பெண்ணுக்கு என்ன கிடைத்தது? அடுத்த ஆண்டு அவள் தங்கைக்கு இதே பிழை நேராது என்பதற்கு அந்த மெமோவில் என்ன உத்தரவாதம் இருக்கிறது?

இனி, பிழை பிறக்கும் இடத்தைப் பார்ப்போம். வெளியிலிருப்பவர்களுக்கு விடைத்தாள் திருத்தும் முகாம் எப்படி நடக்கிறதென்று தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் இதுவரை யாருக்கும் இருந்ததில்லை. நான் கண்ட முகாம்களின் நடைமுறை இது. முற்பகலில் 30 தாள், பிற்பகலில் 30 தாள். மூன்று மணிநேரத்தில் முப்பது தாள் எனில் ஒரு தாளுக்கு 6 நிமிடம். அந்த 6 நிமிடத்தில் பத்துச் சிறுவினாக்கள், ஐந்து பத்தி விடைகள், மூன்று கட்டுரைகள் ஆகியவற்றைப் படிக்க வேண்டும். கையெழுத்தோ கேட்கவே வேண்டாம். பதினெட்டு வினாக்களுக்கும் உள்ளே மதிப்பெண் இட வேண்டும். அந்தப் பதினெட்டையும் முகப்புத் தாளின் கட்டங்களுக்கு மாற்ற வேண்டும். கூட்ட வேண்டும். கூட்டியதை எழுத்தால் எழுத வேண்டும். பின்னர் மதிப்பெண் பட்டியலில், இந்தத் தாளுக்குரிய வரிசையைத் தேடிப் பதிய வேண்டும். ஒரு தாளுக்கு ஏறத்தாழ 40 எண்கள் கைமாறுகின்றன. நாளுக்கு 2,400. பத்து நாள் முகாமில் 24,000. மிகக் கவனமான ஒருவர் பத்தாயிரம் எண்களுக்கு ஒருமுறைதான் பிழைபடுவார் என்று வைத்துக்கொண்டாலும் (இது தாராளமான கற்பனைக் கணக்கு, காலை பதினொரு மணியின் கண்ணும் மாலை நான்கு மணியின் கண்ணும் ஒன்றல்ல), முகாம் முடிவதற்குள் அவர் கையால் இரண்டு மாணவர்களுக்குத் தீங்கு நேர்ந்திருக்கும். அவரைவிட நல்லவரைக் கொண்டுவந்து உட்காரவைத்தால் இது ஒன்றாகக் குறையலாம். ஒன்றுமில்லாமல் ஆகாது.

இதில் தமிழ்த்துறைக்கென்று ஒரு தனி வினை உண்டு. பிற துறையினர் தம் துறை மாணவர் எழுதியதைத் திருத்துகிறார்கள். பகுதி ஒன்று தமிழோ, வணிகவியல், இயற்பியல், கணினி அறிவியல் என்று எல்லாப் பட்டப்படிப்பினரும் எழுதுவது. தமிழை யாரும் ஒரு பாடமாக மதிப்பதில்லை என்று நாமெல்லாம் வருந்துகிறோம். ஆனால் கட்டுக்கட்டாக வந்து இறங்குவதில் தமிழ்த்தாளுக்கு நிகர் வேறில்லை. ஆண்டுக்கொரு தேர்வு என்றிருந்தது பருவமுறையில் இரண்டாயிற்று. அகமதிப்பீட்டுத் தேர்வுகள் தனி. மாணவர் எண்ணிக்கை பெருகியது. அது மகிழ வேண்டிய பெருக்கம். 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் கல்லூரி வயதினரில் 47 விழுக்காட்டினர் உயர்கல்வியில் சேர்ந்திருப்பதாகக் கண்டார்கள். அந்தப் பெருக்கத்துக்கு ஈடாக நிரந்தரப் பணியிடங்கள் பெருகின என்று யாரும் சொல்லமாட்டார்கள். இடைவெளியைக் கௌரவ விரிவுரையாளர்களைக் கொண்டு நிரப்பினார்கள். ‘கௌரவ’ என்ற சொல்லுக்கு இவ்வளவு மலிந்த பொருள் எந்த நிகண்டிலும் கிடையாது.

இவை போக மற்ற வேலைகள். தேசியத் தர மதிப்பீட்டுக்கு ஐந்தாண்டுக் கோப்புகள். 2022இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்துக்கு ஓர் ஒருங்கிணைப்பாளர். அதே ஆண்டு வந்த ‘புதுமைப்பெண்’ திட்டத்துக்கு ஒருவர். 2024இல் வந்த ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டத்துக்கு ஒருவர். (மூன்றுக்கும் ஒருவரே என்பதும் உண்டு.) இத்திட்டங்களை நான் குறைசொல்லவில்லை. அரசுப் பள்ளியில் படித்துவந்த பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் என்பது, மலைக்கிராமத்துப் பிள்ளைக்குப் பேருந்துக் கட்டணமும் மதியச் சாப்பாடும். ஆனால் ஆதார் எண்ணிலோ வங்கிக் கணக்கு எண்ணிலோ ஓரிலக்கம் மாறினால் அந்தப் பணம் வராது. அந்த இலக்கங்களைச் சரிபார்ப்பவர், காலையில் குறுந்தொகை நடத்திவிட்டு, பிற்பகல் வகுப்புக்கு முன் கிடைத்த ஒருமணி நேரத்தில் கணினி முன் அமர்ந்த தமிழாசிரியர்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் விதியில் இதற்கு வரம்பு இருக்குமே என்று கேட்கலாம். இருக்கிறது, ஒரு பக்கம் மட்டும் இருக்கிறது. ஆசிரியரின் பணி, ஆண்டில் முப்பது வாரங்களுக்கு, வாரம் 40 மணிநேரத்துக்குக் ‘குறையாமல்’ இருக்க வேண்டும் என்கிறது அவ்விதி. உதவிப் பேராசிரியருக்கு நேரடி வகுப்பு 16 மணிநேரம். குறையக்கூடாது என்றவர்கள் எதற்குமேல் மிகக்கூடாது என்பதைச் சொல்லாமல் விட்டார்கள். எங்கள் மருதாநதி அணைக்குக்கூட, நிரம்பும் மட்டம் இன்னதென்று அடிக்கணக்கில் குறித்து வைத்திருக்கிறார்கள். நீர் அம்மட்டத்தை நெருங்கும்போது கரையோரத்தாருக்கு எச்சரிக்கை தருகிறார்கள். பிறகு மதகைத் திறக்கிறார்கள். அணை உடைந்தபின் மதகுக் காவலாளிக்கு மெமோ கொடுப்போம் என்று எந்தப் பொறியாளரும் திட்டமிடுவதில்லை.

மெமோ என்பதை ஓர் உரைநடை வகையாக யாரேனும் ஆராய்ந்திருக்கிறார்களா என்று தெரியவில்லை, ஆராயத்தக்கது. என்னோடு பணியாற்றிய நண்பர் ஒருவருக்கு வந்த குறிப்பாணையை அவர் அனுமதியுடன் படித்தேன். கல்லூரியும் பல்கலைக்கழகமும் இங்கே பெயரின்றி இருக்கட்டும். தமிழாசிரியன் என்பதால் முதலில் இலக்கணம்தான் கண்ணில் பட்டது. ‘விடைத்தாள்கள் வழங்கப்பட்டன’, ‘கால அவகாசம் நிர்ணயிக்கப்பட்டது’, ‘உரிய அறிவுரைகள் தெரிவிக்கப்பட்டிருந்தன’ என்று முதல் பத்தி முழுவதும் செயப்பாட்டுவினை. வழங்கியவர் யார், அவகாசத்தை நிர்ணயித்தவர் யார் என்பதற்கு எழுவாயே இல்லை. மழை பெய்வதுபோல் அவை தாமாக நிகழ்ந்தன. இரண்டாம் பத்தியில் திடீரென்று செய்வினை: ‘தாங்கள் தவறு இழைத்துள்ளீர்கள்’. எழுவாய் முன்னால் வந்து நிற்கிறது, முன்னிலையில், பன்மையில், மரியாதை விகுதியோடு. வேலை ஏறுவதற்குச் செய்பவர் எவருமில்லை; பிழை நேர்வதற்கு மட்டும் ஒருவர் உண்டு. நிர்வாகத் தமிழின் முழுத் தத்துவமும் இந்த இரண்டு பத்திகளுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தில் அடங்கியிருக்கிறது.

அதற்கு நண்பர் எழுதிய பதிலும் ஒரு மரபுத்தொடரே. ‘கவனக்குறைவால் நேர்ந்துவிட்டது. இனி இத்தகைய தவறு நிகழாவண்ணம் பார்த்துக்கொள்கிறேன் எனப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.’ இப்படித்தான் எழுத வேண்டுமென்று அலுவலக உதவியாளரே சொல்லிக்கொடுத்தாராம். இவ்வாறு எழுதினால் எச்சரிக்கையோடு முடியும், வேறு ஏதாவது எழுதினால் ‘17 பி’ வரை போகும் என்றாராம். நல்ல மனிதர், அக்கறையோடுதான் சொன்னார். (அரசு ஊழியர் ஒழுங்குமுறை விதிகளில் 17(அ) சிறு தண்டனைக்கான பிரிவு, 17(ஆ) பெருந்தண்டனைக்கு. தமிழ்நாட்டு அரசு ஊழியருக்கு இவ்விரண்டும் திருக்குறள் அதிகாரங்களைவிட நன்றாகத் தெரியும்.) நண்பர் அன்று 60 தாள் திருத்தினார், அதற்கு முந்தைய இரவு பதினொரு மணிவரை தர மதிப்பீட்டுக் கோப்புக்குப் படங்கள் ஒட்டிக்கொண்டிருந்தார், அவரது தாள்களை மறுபடி கூட்டிப் பார்க்க நியமிக்கப்பட்டிருந்தவரிடம் வேறு நால்வரின் கட்டுகளும் இருந்தன. இவற்றுள் ஒன்றும் அந்தப் பதிலில் இடம்பெறவில்லை. கோப்பு மூடப்பட்டது. பிழை எதனால் நேர்ந்தது என்பதற்கு அந்தப் பல்கலைக்கழகத்திடம் இன்றிருக்கும் ஒரே ஆவணம், ‘கவனக்குறைவு’ என்ற ஒற்றைச் சொல். ஆண்டுக்கு எத்தனை கோப்புகள் இப்படி மூடப்பட்டாலும் அந்த ஒரு சொல்தான் மிஞ்சும். ஒரு நிறுவனம் எதையும் கற்றுக்கொள்ளாமலிருக்க இதைவிடச் சிறந்த ஏற்பாடு இருக்க முடியாது.

நம் அச்சுப் பண்பாட்டில் இதற்கு நேரெதிரான ஒரு வழக்கம் இருந்தது. பழைய நூல்களின் கடைசியில் ‘பிழைதிருத்தம்’ என்றொரு பட்டியல் இருக்கும். பக்கம், வரி, பிழை, திருத்தம் என நான்கு பத்திகள். அச்சுக்கோத்தவர் பெயர் அதில் இராது. மெய்ப்புப் பார்த்தவர் பெயரும் இராது. எது பிழை, எங்கே பிழை, சரியானது எது என்பன மட்டுமே இருக்கும். ‘யார்’ என்பதற்குப் பத்தியே கிடையாது. புத்தகத்தை வாங்கியவர் எழுதுகோலை எடுத்துக்கொண்டு அந்தந்தப் பக்கத்துக்குப் போய்த் திருத்திக்கொள்வார். என்னிடமிருக்கும் பழைய புத்தகங்கள் சிலவற்றில், முகந்தெரியாத அந்த முந்தைய வாசகரின் நுணுக்கமான கையெழுத்துத் திருத்தங்கள் இன்னும் இருக்கின்றன. பிழையை வாசகரிடமே ஒப்படைத்து ‘இதோ’ என்று காட்டுவதில் பதிப்பாளருக்கு வெட்கம் இருக்கவில்லை. வெட்கப்பட வேண்டியது பிழையை மறைப்பதற்கு என்று கருதினார்கள் போலும்.

உ.வே.சாமிநாதையரைச் சொல்லாமல் தமிழாசிரியன் ஒருவனால் பணிச்சுமையைப் பற்றி எழுத முடியாது. 1880 முதல் 1903 வரை கும்பகோணம் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டேதான் அவர் பதிப்பு வேலையும் பார்த்தார். சீவக சிந்தாமணி 1887இல் வெளிவந்தது. இருபதாண்டு கழித்து 1907இல் வந்த இரண்டாம் பதிப்பைத் திருத்தித்தான் வெளியிட்டார். ‘அந்தக் காலத்து ஆசிரியர்கள் இவ்வளவு சுமையிலும் பிழையே செய்யவில்லையே’ என்று அவரை உதாரணம் காட்டுகிற நண்பர்களுக்கு இதைத்தான் சொல்ல விரும்புகிறேன்: அவர் பிழையே செய்யாதவராக இருந்ததனால் பெரியவரல்லர், முதற்பதிப்பைத் தாமே திருத்திக்கொள்ளும் உரிமையும் அதற்கான காலமும் அவருக்கு இருந்தன. அன்றைக்கு யாரேனும் முதற்பதிப்பின் ஒரு பாடத்தைக் காட்டி ‘17 பி’ கொடுத்திருந்தால், இரண்டாம் பதிப்பு வந்திருக்காது. தமிழ் இலக்கணத்திலேயே வழு, வழாநிலை என்ற இரண்டோடு நிறுத்தாமல் வழுவமைதி என்று மூன்றாவதையும் வைத்தார்கள். வழுவேயானாலும் காரணம் கருதி ஏற்பது அது. காரணத்தைக் கேட்ட பிறகுதான் அமைதி சொல்ல முடியும் என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

காரணத்தைக் கேட்காமல் விட்டால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. தெலங்கானாவில் 2019 ஏப்ரல் 18 அன்று இடைநிலை வாரியத் தேர்வு முடிவுகள் வெளியாயின. எழுதியவர்கள் ஒன்பது லட்சத்துக்கும் மேல். தோற்றவர்கள் மூன்று லட்சத்துக்கும் மேல். முதலாண்டில் சிறந்த மதிப்பெண் பெற்றிருந்த ஒரு மாணவிக்கு இரண்டாமாண்டுத் தெலுங்குத் தாளில் சுழியம் என்று வந்தது. தாளை எடுத்துப் பார்த்தால் 99. தேர்வெழுதியவர்களுக்கு ‘வரவில்லை’ என்று பதிவாகியிருந்தது. முடிவுகளைத் தயாரிக்கும் பணி அந்த ஆண்டு குளோபரீனா என்னும் தனியார் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. முடிவு வெளியான சில நாட்களுக்குள் இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். அவர்களுள் எவருக்கு மதிப்பெண் தவறாக வந்தது, எவருக்குச் சரியாகவே வந்தது என்று பிரித்துப் பேசுவதில் எனக்கு விருப்பமில்லை. முடிவையே நம்ப முடியாத நிலையில் ஒரு பதினேழு வயதுப் பிள்ளையை நிறுத்தியதுதான் நடந்தது.

நடவடிக்கை எப்படி வந்தது? 99ஐச் சுழியமாகப் பதித்த ஆசிரியைக்கு 5,000 ரூபாய் அபராதம். அவர் வேலையும் போயிற்று. சரிபார்க்க வேண்டியவர் தற்காலிகப் பணிநீக்கம். இவை விரைவாக நடந்தன. ஆனால் அரசு அமைத்த மூவர் குழு விசாரித்தபோது, மென்பொருளின் குறைகளும் வாரியத்தின் குறைகளும் சேர்த்தே வெளிவந்தன. தோற்ற அனைவரின் தாள்களையும் கட்டணமின்றி மறுபடி சரிபார்க்க அரசு ஆணையிட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அதன்பின் தேர்ச்சி பெற்றார்கள். அந்த ஆயிரம் பேருக்கும் அந்த ஒரே ஆசிரியையா வட்டம் நிரப்பினார்? இன்னொன்றையும் கேட்க வேண்டும். கட்டணமின்றிச் சரிபார்ப்பது முடியும் என்பது இத்தனை சாவுகளுக்குப் பிறகுதானா தெரியவேண்டும்?

மும்பைப் பல்கலைக்கழகத்தின் கதை சற்று வேறு. 2017இல் அங்கே எல்லாப் புலங்களின் விடைத்தாள்களையும் ஒரே பருவத்தில் கணினித் திரையில் திருத்துவதென்று முடிவெடுத்தார்கள். பதினேழு லட்சத்துக்கும் மேற்பட்ட தாள்கள். வருட வேண்டும், பதிவேற்ற வேண்டும், ஆசிரியர்கள் புதிய முறையைக் கற்க வேண்டும். போதிய ஒத்திகை இல்லை. முடிவுகள் மாதக்கணக்கில் தாமதமாயின. சிலரின் தாள்கள் கிடைக்காமலே போய்ச் சராசரி மதிப்பெண் இட நேர்ந்தது. அங்கே அதிசயமாகத் துணைவேந்தரே பதவிநீக்கம் செய்யப்பட்டார், 2017 அக்டோபர் 24 அன்று. பதிலாக மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தில் 2018இல் கூட்டல் பிழைகள் வெளியானபோது நடவடிக்கைக்கு ஆளானவர்கள், திருத்திய ஆசிரியர்களும் ஒருங்கிணைப்பாளர்களுமாக நூற்றுக்கு மேற்பட்டோர்.

தலைமை விழுந்தால் போதும் என்றும் நான் சொல்லமாட்டேன். சிலப்பதிகாரத்துப் பாண்டியன், தேவியின் ஊடலைத் தீர்க்கப் போகிற அவசரத்தில், பொற்கொல்லன் சொன்னதை விசாரியாமல் ஆணையிட்டான். பிழை வெளிப்பட்டபோது வாளோங்கிய காவலன்மீது பழிபோடவில்லை, பொய்சொன்ன கொல்லனைக்கூட முன்னிறுத்தவில்லை; தன்னையே கள்வனென்று சொல்லி அரியணையிலேயே உயிர்விட்டான். நம் துணைவேந்தர்களிடம் அவ்வளவு எதிர்பார்ப்பது அதிகம். ஆனால் அரசன் விழுந்ததோடு அந்தக் காதை முடியவில்லை, மதுரை எரிந்தது. விசாரிக்கும் முறை இல்லாத ஊரில் கீழே தண்டித்தாலும் மேலே தண்டித்தாலும் எரிவது ஊர்தான்.

பிழைக்குத் தண்டனை என்ற ஒன்றே கருவியாக இருந்தால் பிழை குறையாது, வெளியே தெரிவதுதான் குறையும். இங்கிலாந்தில் லெஸ்டர் நகர மருத்துவமனையில் 2011இல் ஜாக் ஆட்காக் என்ற ஆறு வயதுச் சிறுவன் இறந்தான். பொறுப்பிலிருந்த பயிற்சி மருத்துவர் ஹடீசா பாவா-கார்பா நீண்ட மகப்பேற்று விடுப்பிலிருந்து அண்மையில் திரும்பியவர். அன்று ஆளில்லாத இடங்களையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்; மூத்த மருத்துவர் ஊரில் இல்லை; கணினி பழுதாகி இரத்தப் பரிசோதனை முடிவுகள் தாமதமாயின. அவர் பிழைகள் செய்தார், அவை கடுமையானவை. அந்தத் தாயின் துயரத்தைக் குறைத்துப் பேசும் உரிமை யாருக்கும் இல்லை. 2015இல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. 2018 ஜனவரியில் மருத்துவர் பதிவேட்டிலிருந்து பெயர் நீக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்நீக்கத்தை இரத்து செய்தது. இடையில் அந்நாட்டு மருத்துவர்கள் செய்தது என்ன தெரியுமா? தம் பணியில் நேர்ந்த தவறுகளைப் பயிற்சிக்காக எழுதிவைக்கும் குறிப்பேடுகளில் உண்மையை எழுதவே அஞ்சத் தொடங்கினார்கள். நாளை அது தமக்கெதிராகவே திரும்பும் என்ற பயம். அடுத்த குழந்தையைக் காப்பாற்றக்கூடிய குறிப்பு எழுதப்படாமலே போகிறது.

விமானத் துறையினர் இதை முன்பே உணர்ந்தார்கள். அமெரிக்காவில் 1976இலிருந்து, விமானிகள் தாம் செய்த தவறுகளையும் நூலிழையில் தப்பியவற்றையும் தாமே எழுதி அனுப்ப ஓர் ஏற்பாடு நடந்துவருகிறது. அந்த அறிக்கைகளைப் பெறுவது உரிமத்தைப் பறிக்கும் அதிகாரமுள்ள அமைப்பன்று; விண்வெளி ஆய்வு நிறுவனமான நாசா. தண்டிப்பவரிடம் எவனும் உண்மை சொல்லமாட்டான் என்கிற எளிய மனித இயல்பைப் புரிந்துகொண்டதனால் அப்படிச் செய்தார்கள். அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். பக்கத்தில் பட்டிவீரன்பட்டிக் காப்பிக் கிடங்குகளில், எந்திரம் சலித்துப் போட்டதைப் பெண்கள் உட்கார்ந்து கையால் பொறுக்குவார்கள். ஒரே சல்லடையை நம்பி யாரும் மூட்டை தைப்பதில்லை. காப்பிக்கொட்டைக்குக் கிடைக்கும் இரண்டாம் பார்வை, மலையிலிருந்து இறங்கிவரும் அந்தக் காப்பித் தோட்டத்துப் பிள்ளையின் விடைத்தாளுக்குக் கிடைப்பதில்லை. கிடைக்க வேண்டுமானால் அவள் பணம் கட்ட வேண்டும்.

இதற்கெல்லாம் கல்வி நிர்வாகம் கண்டுபிடித்திருக்கும் மருந்து வேறு. ‘பணிச்சுமையைச் சமாளிப்பது எப்படி’, ‘மன அழுத்த மேலாண்மை’ என்ற தலைப்புகளில் ஒருநாள் கருத்தரங்கம். பெரும்பாலும் சனிக்கிழமை. பேச வருபவர் மூச்சை ஆழ இழுக்கச் சொல்வார். தவறுகளை வெற்றியின் படிக்கட்டுகளாக்கச் சொல்வார். ‘முடியும்’ என்று மூன்றுமுறை உரக்கச் சொல்லச் சொல்வார். அந்தக் கருத்தரங்குக்கு அழைப்பிதழ் தயாரிப்பதும், இடமும் நேரமும் பொறித்த புகைப்படம் எடுப்பதும், பின்னூட்டப் படிவம் வாங்குவதும், அறிக்கை எழுதித் தர மதிப்பீட்டுக் கோப்பில் சேர்ப்பதும், சுமையால் அழுந்திய அதே ஆசிரியர்களின் வேலை. இது நையாண்டிக்காகச் சொன்னதன்று, நடப்பதைத்தான் சொல்கிறேன். இந்தச் ‘சமாளிப்பு’ இலக்கியம் மெமோவின் இனிப்புப் பூசிய மறுபதிப்பு. மெமோ, ‘குற்றம் உன்னுடையது’ என்கிறது. இது, ‘தீர்வும் உன்னிடமே இருக்கிறது’ என்கிறது. இரண்டிலும் முகாமின் தாள் எண்ணிக்கையைப் பற்றி ஒரு சொல் கிடையாது.

எங்கள் பக்கமும் அழுக்கு இருக்கிறது என்பதை மறைக்க முடியாது. பல்கலைக்கழக முகாமில் தாளுக்கு இவ்வளவு என்று ஊதியம். ஆகவே ‘இன்னும் ஒரு கட்டுக் கொடுங்கள்’ என்று தாமே கேட்டு வாங்கி, படிக்காமலே பக்கம் புரட்டி டிக் அடிப்பவர்களும் உண்டு. அவர்களைக் காப்பாற்ற என்னிடம் ஒரு சொல்லும் இல்லை. ஆனால் இன்றைய முறையில் அவர்களும், நாள் முழுதும் நேர்மையாகப் படித்துவிட்டு அறுபதாவது தாளில் கண் இருண்டவரும், ஒரே ‘கவனக்குறைவு’ என்ற சொல்லுக்குள் வந்து சேர்கிறார்கள். சோம்பலுக்கும் சோர்வுக்கும் வேறுபாடு காண, அன்று எத்தனை தாள், எத்தனை மணிநேரம், யார் மறுபடி கூட்டினார்கள் என்ற விவரங்கள் பதிவில் இருந்தாக வேண்டும். உழைப்பவர்தான் முதலில் இதைக் கோர வேண்டும். ஆசிரியர் சங்கங்கள் ஊதிய விகிதத்துக்குப் போராடிய அளவில் நூற்றில் ஒரு பங்கு, ஒரு நாளைக்கு இத்தனை தாளுக்கு மேல் திருத்தமாட்டோம் என்பதற்காகப் போராடியதாக எனக்கு நினைவில்லை. தாளுக்குக் காசு என்ற ஏற்பாட்டை விடவும் நமக்கு மனமில்லை.

செய்யக்கூடியவை பெரிய விஷயங்களும் அல்ல. மாணவரைக் கேட்காமலே, முகாம் முடிந்ததும், ஒவ்வொரு கட்டிலிருந்தும் சில தாள்களை உருவி வேறொருவர் கூட்டிப் பார்க்கலாம். மறுகூட்டலில் பிழை வெளிப்பட்டால் கட்டணத்தைத் திருப்பித் தருவதோடு, அந்தப் பிள்ளையின் சேர்க்கை தவறாதபடி ஒரு கடிதமும் பல்கலைக்கழகமே எழுதித் தரலாம். ஆண்டு முடிவில், பெயர்களின்றி, எந்தப் பாடத்தில், முகாமின் எத்தனையாவது நாளில், எந்த வகையான பிழை எத்தனை என்று ஒரு பட்டியல் வெளியிடலாம். நம் பழைய புத்தகங்களின் கடைசிப் பக்கம் அதுதானே.

நிர்வாகம் இதைத் தானாகச் செய்யும் என்று நான் காத்திருக்கவில்லை. மெமோ வரப்பெறும் நண்பர்களுக்கு ஒரு யோசனை: ‘கவனக்குறைவு’ என்று மட்டும் எழுதாதீர்கள். பிழையை ஒப்புக்கொள்ளுங்கள், அந்த மாணவரிடம் வருத்தமும் தெரிவியுங்கள். அதன் கீழே அன்று உங்களுக்குத் தரப்பட்ட தாள்களின் எண்ணிக்கை, நேரம், அவ்வாரத்தில் உங்களிடமிருந்த மற்றப் பொறுப்புகள், உங்கள் கட்டைச் சரிபார்க்க நியமிக்கப்பட்டவரிடம் இருந்த மொத்தக் கட்டுகள் ஆகியவற்றை எழுதி, இப்பதிலைக் கோப்பில் வைக்குமாறு கேளுங்கள். செயப்பாட்டுவினை வேண்டாம், தாள்களை ஒதுக்கியவர் இன்னார் என்று எழுவாயோடு எழுதுங்கள். அப்படி எழுதிய ஒருவரை எனக்குத் தெரியும், வேறொரு கல்லூரிக்காரர். மூன்று பக்கம் எழுதினார். அந்தப் பதிலுக்கு மறுபதில் வரவில்லை, எச்சரிக்கையும் வரவில்லை. அடுத்த பருவத்து முகாமில் அவருக்கு மட்டும் முற்பகலில் 25 தாள் கொடுத்தார்களாம். பக்கத்து மேசைக்காரருக்கு 35.